கறைக்குப் பத்து மார்க்

துணி ரொம்ப வெளுப்பாக இருக்கிறது என்று சலவைக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு புகார் வந்தது.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் எத்தனையோ புகார் கேட்டவர். பட்டனைக் காணோம். காலர் சுருங்கிவிட்டது. ஒல்லியாக ஒரு சட்டை போட்டேன், குண்டாக ஒரு சட்டை வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

புகார் அவருடைய மகளின் பள்ளிப் பையில், ஒரு வெள்ளை ஏப்ரனோடு பின் குத்தி வந்திருந்தது. 'தங்கள் குழந்தை இவ்வாரம் சமர்ப்பித்த கற்றல் மேலங்கியில் கறை ஏதும் காணப்படவில்லை. மதிப்பெண் பத்துக்குச் சுழியம். நேரில் வந்து விளக்கம் தரவும்.'

மகளுக்கு ஐந்து வயது. பள்ளிப் பதிவேட்டில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் நண்டு. எங்கே போக வேண்டுமானாலும் நேராகப் போகமாட்டாள். பக்கவாட்டில் போய், வழியில் கிடக்கும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேருவாள்.

குழந்தைகள் வீட்டில் மண்ணைப் பிசைந்து, தண்ணீரைக் கொட்டி, மாவை அப்பி விளையாடினால் அறிவியல் தானாக வரும் என்று யாரோ எங்கேயோ கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடிப்பதற்கு முன்பும் குழந்தைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. ஆனால் அப்போது அதற்குப் படிவம் கிடையாது. நண்டு படித்த மழலையர் பள்ளி அந்தக் குறையைப் போக்கியது. 'இல்லப் புலனுணர்வு அறிவியல் விளையாட்டுத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு குழந்தைக்கும் முத்திரை குத்திய ஒரு வெள்ளை ஏப்ரனைக் கொடுத்து அனுப்பியது. திங்கட்கிழமை காலை அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் கறைதான் படிப்பு. கறைக்குப் பத்து மார்க். இப்படி நாலு வாரம். ஒரே ஒரு வாரமாவது ஏழு மார்க் வாங்கிய குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும். வாங்காத குழந்தை மழலையர் வகுப்பிலேயே இன்னும் ஒரு வருடம் உட்காரும்.

நண்டுக்கு ஒன்றாம் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். அங்கே ஆளுக்கு ஒரு பூதக்கண்ணாடி தருகிறார்கள் என்று அவளுக்குத் தகவல் வந்திருந்தது.

விளக்கம் தருவதற்காகச் சலவைக்கடைக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். முகம் பார்க்கலாம் போன்ற தரை. வாசலில் ஒரு பலகை: 'செருப்பைக் கழற்றவும். ஈரக்கையால் சுவரைத் தொடாதீர். தண்ணீர் சிந்தும் குழந்தை வெளியே நிறுத்தப்படும்.' 

தலைமையாசிரியையின் அறையில் அவரோடு இன்னொருவரும் இருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய பெரிய பூதக்கண்ணாடி தொங்கியது. அவர் கறை மதிப்பீட்டாளர்.

"உட்காருங்க. ஐயையோ, அந்த நாற்காலி வேண்டாம். அதை இப்பதான் துடைச்சாங்க" என்றார் தலைமையாசிரியை.

சலவைக்கடைக்காரர் நின்றார்.

"எங்க பள்ளியோட கொள்கை என்னன்னா, குழந்தை அழுக்காகணும். சுதந்திரமா, தடையில்லாம, தன் இஷ்டத்துக்கு அழுக்காகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து திங்கட்கிழமை காலையில ஏழரைக்குள்ள. உங்க வீட்டுல குழந்தையை விளையாட விடறதே இல்லையா?"

"ஏம்மா, நல்லா விளையாடினாளே! சட்டைக்குக் கஞ்சி போடற மாவு இருக்குல்ல, அதைத் தொட்டியில கரைச்சு வச்சிருப்பேன். ரெண்டு நாளும் அதுக்குள்ளதான் கிடந்தா. ஏப்ரன் பூரா அப்பிக்கிட்டு வந்து நின்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா, துவைச்சுட்டேன்."

மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வது போல.

"சார், நீங்க சான்றை அழிச்சிருக்கீங்க."

"அழுக்கைத்தாங்க எடுத்தேன். கைப்பழக்கம். அழுக்குத் துணியைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."

"நீங்க எடுத்தது அழுக்கு இல்ல. உங்க குழந்தையோட ஒரு வாரப் படிப்பு."

நண்டு அப்பாவின் காலுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் வெளியே வந்தாள். "சார், அந்த மாவுத்தண்ணிய ஓங்கிக் குத்தினா கல்லு மாதிரி இருக்கும். சும்மா விட்டா தண்ணியா ஓடும். உருட்டிக்கிட்டே இருந்தா உருண்டை. நிறுத்தினா விரல் சந்துல ஒழுகிடும். ஏன் சார்?"

"பாப்பா, பேசக் கூடாது. இது மதிப்பீடு" என்றார் மதிப்பீட்டாளர்.

"வாய்மொழி விளக்கத்தை நாங்க ஏத்துக்கறதில்ல" என்றார் தலைமையாசிரியை. "போன வருஷம் ஏத்துக்கிட்டோம். குழந்தைங்க பேச ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம் கேள்வி கேக்க ஆரம்பிச்சுடுச்சு. ஏன், எப்படின்னு. எங்களுக்கு எப்படிங்க தெரியும்? அதான் இந்த வருஷத்துலேர்ந்து கறை மட்டும். கறை திருப்பிக் கேள்வி கேக்காது."

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

இரண்டாவது வாரம் ஏப்ரனைக் கணவரிடமிருந்து காப்பாற்றும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டார். கடையில் இஸ்திரி போடுவது அவர் வேலை. நண்டு சனிக்கிழமை முழுக்க மாவுத் தொட்டியில் புரண்டுவிட்டு ஏப்ரனைக் கழற்றிப் போட்டதும், அதை மடித்துத் தன் முக்காலியின் மேல் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். சலவைக்கடைக்காரர் மூன்று தடவை அந்தப் பக்கமாக வந்தார். முதல் தடவை தண்ணீர் குடிக்க. இரண்டாவது தடவை மணி பார்க்க. மூன்றாவது தடவை காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஓரத்துல மட்டும் லேசா அலசிட்டுத் தரேன். அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"இந்தப் பக்கம் வந்தீங்க, இஸ்திரிப் பெட்டியைக் கையில வச்சிருவேன்."

"பெத்த பொண்ணோட துணிய இப்படி நாறப் போட்டிருக்கோமேன்னு..."

"உங்க பொண்ணு ஒண்ணாம் வகுப்பு போகணுமா வேண்டாமா?"

அவர் போய்ப் பக்கத்துக் கடைக்காரரின் கைக்குட்டையைக் கேட்டு வாங்கித் துவைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை மதிப்பீட்டாளர் அந்த ஏப்ரனை மேஜைமேல் விரித்து இருபது நிமிடம் பார்த்தார். மாவு வெள்ளை. ஏப்ரனும் வெள்ளை. 

"கறை இருக்கலாம். ஆனா தெரியல. தெரியாத கறைக்கு மார்க் போட விதியில்ல."

"சார், கையை வச்சுப் பாருங்க. மொடமொடன்னு இருக்கும்" என்றார் சலவைக்கடைக்காரர்.

மதிப்பீட்டாளர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "தொடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

"புலனுணர்வுத் திட்டம்னு பேரு வச்சிருக்கீங்களே?"

"புலனுணர்வு குழந்தைக்கு. எங்களுக்குப் பார்வை மட்டும்தான் அனுமதிச்சிருக்காங்க. தொடறதுக்கு அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். முகர்ந்து பாக்கறதுக்கு வேற ஒரு குழு போட்டிருக்காங்க."

பத்துக்குச் சுழியம்.

மூன்றாவது வாரம் தெரிகிற கறையாக இருக்கட்டும் என்று சமையலறையிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துக் கொடுத்தார் மனைவி. நண்டு அதைத் தண்ணீரில் குழைத்து ஏப்ரன் பூராவும் பூசினாள். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். ஈரத்தில் நாலு இலையை ஒட்டினாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பழைய சாவி, கடைக் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்தாள். மத்தியானம் போய் எடுத்துப் பார்த்தவள் போட்ட கூச்சலில் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

துணி வெளிறிப்போயிருந்தது. இலை இருந்த இடத்தில் மட்டும் மஞ்சளாக ஓர் இலை. சாவி இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சாவி.

"அப்பா! மஞ்சளை யாரோ தின்னுட்டாங்க!"

"வெயில்டா செல்லம்."

"வெயிலுக்குப் பல்லு இருக்கா?"

மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் போய்விடும் என்பது சலவைக்கடைக்காரருக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். ஏன் போகிறது என்று ஒரு நாளும் அவர் கேட்டுக்கொண்டதில்லை. ஐந்து வயதுப் பெண் கேட்டுவிட்டாள். அன்று பூராவும் அவர் வாடிக்கையாளர்களின் சட்டைகளை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை பத்துக்குப் பத்துதான்" என்று மனைவியிடம் சொன்னார்.

ஏப்ரனைப் பார்த்ததும் மதிப்பீட்டாளரின் முகம் வாடியது.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் வருத்தத்தோடு. "அதான் பிரச்சினை. கறைன்னா அதுல ஒரு கட்டுப்பாடு இருக்கக் கூடாது. கட்டுப்பாடு இல்லாத கறைக்கு எங்க கையேட்டுல ஒன்பது வடிவம் கொடுத்திருக்கோம். அந்த ஒன்பதைத் தவிர வேற வடிவத்துல வந்தா அது சுதந்திரமான விளையாட்டு இல்ல."

"அவளே பண்ணதுங்க."

"அஞ்சு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. எங்களுக்கே தெரியாதே! பெற்றோர் தலையீடுன்னு போடறேன்."

பத்துக்கு மைனஸ் ஒன்று. பள்ளியின் வரலாற்றிலேயே சுழியத்துக்குக் கீழே போன முதல் குழந்தை நண்டுதான் என்று தலைமையாசிரியை சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி மிச்சம் ஒரே ஒரு வாரம்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பல் மருத்துவர் அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய மகன் நண்டுவின் வகுப்பு. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தவர், கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை ஏப்ரனைத் திருட்டு நகையைப் போல வெளியே எடுத்தார்.

"அண்ணா, இதுல கறை..."

"எடுக்கணுமா?"

"எடுக்க இல்லண்ணா. போடணும்."

சலவைக்கடைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல தரை வெள்ளை, சோபா வெள்ளை, திரைச்சீலை வெள்ளை" என்று மருத்துவர் கண் கலங்கினார். "பையன் தண்ணி குடிச்சாலே வாயைத் துடைச்சு விடறதுக்கு ஒரு அக்கா இருக்காங்க. விளையாடுடான்னு மண்ணைக் கொண்டாந்து கொட்டினா, கையுறை கேக்கறான். போன வாரம் நானே தக்காளிச் சாறை ஊத்தி அனுப்பினேன். அந்த மனுஷன் கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு, இது ஊத்தின கறை, விளையாடின கறை இல்லன்னு கண்டுபிடிச்சுட்டார். கறையைப் பத்தி உங்களைவிட யாருக்குண்ணா தெரியும்?"

தொழிலைச் சொல்லிப் புகழ்ந்தால் யாருக்குத்தான் மனம் இளகாது. இருந்தாலும் அவர் தயங்கினார். "இத்தனை வருஷம் கறையை எடுத்த கைம்மா இது. போடுன்னா..."

அதற்குள் நண்டு அந்த ஏப்ரனை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் போட்டுக்கறேன்! எனக்கு இன்னொரு ஏப்ரன் கிடைச்சுது!"

அவளுக்கு யாருடைய பெயர், யாருடைய மார்க் என்பதெல்லாம் பொருட்டில்லை. ஒரு வெள்ளை ஏப்ரன் என்றால் ஒரு புது விளையாட்டு. வாசல் மண்ணைப் பிசைந்தாள், துணிக்குப் போடும் நீலப் பொடியைக் கஞ்சிமாவில் கலந்து குத்தினாள், பிழிந்தாள், ஒழுகவிட்டாள், கையை வயிற்றில் அப்படியே ஒற்றி எடுத்தாள். அரைமணி நேரத்தில் ஏப்ரன் தயார். இடுப்புக்குக் கீழே சேறு, நெஞ்சில் நீலம், நடுவில் தெளிவாக ஒரு உள்ளங்கை.

பல் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "என் பையன் இவ்வளவு நல்லா விளையாடுவான்னு நான் நினைக்கவே இல்ல" என்றார்.

ரகசியம் என்று சொல்லி அவர் அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். சனிக்கிழமை காலை கடை வாசலில் வரிசை நின்றது. மொத்தம் பதினான்கு ஏப்ரன். சலவைக்கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் வழக்கம்போல எண் எழுதித் துணித்துண்டு கட்டினார். நண்டு ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுக்கொண்டு விளையாடினாள், ஒவ்வொன்றிலும் கையை வயிற்றில் ஒற்றினாள். மூன்றாம் எண் ஏப்ரனில் எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று கண்டுபிடித்தாள். ஆறாம் எண்ணில் சோடா மாவில் வினிகர் ஊற்றி நுரை பொங்க வைத்தாள். ஒன்பதாம் எண்ணில், ஈரத் துணியில் மைப்பொட்டு வைத்தால் அது பூவாக விரிந்து ஓரத்தில் வேறு நிறமாகப் பிரிகிறது என்று கண்டு அப்படியே வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டாள். 

"பொண்ணு ஓவர்டைம் பாக்கறா" என்றார் மனைவி, துணியை மடித்துக்கொண்டே.

"அவளுக்கு அது வேலைன்னு தெரியாதவரைக்கும் பரவால்ல."

ஞாயிற்றுக்கிழமை மாலை பதினான்காவது ஏப்ரனைக் கழற்றிய நண்டு, மாவுத் தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்தாள். தூங்கிப்போனாள். அவளுடைய சொந்த ஏப்ரன், மடிப்புக் கலையாமல், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா?" என்றார் மனைவி.

"வேண்டாம். பாவம்."

சலவைக்கடைக்காரர் அந்த ஏப்ரனை எடுத்து மேஜைமேல் விரித்தார். நீலத்தில் தன் கையைத் தோய்த்தார். ஏப்ரனுக்கு மேலே கையைக் கொண்டுபோனார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னங்க? வைங்க. ஊரார் பிள்ளைங்களுக்கெல்லாம் செஞ்சாச்சு. நம்ம பிள்ளைக்கு மட்டும் கை வரலையா?"

"அந்தப் பதினாலும் விளையாடினதுதான். போட்டுக்கிட்ட ஆள்தான் வேற. இது நான் வைக்கிற கை. நாளைக்கு இவ பார்த்துட்டு, இது என்ன விளையாட்டுப்பான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

மனைவி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "கையைக் கழுவுங்க. சாப்பிடலாம்" என்றார்.

திங்கட்கிழமை பதினான்கு குழந்தைகளுக்கும் ஒன்பது மார்க் விழுந்தது. பத்து யாருக்கும் போடுவதில்லை. பத்து போட்டால் மேற்கொண்டு அழுக்காக ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமாம். நண்டுக்குச் சுழியம்.

செவ்வாய்க்கிழமை பள்ளியின் பெரிய கூடத்தில் கறைக் கண்காட்சி. அந்தப் பதினான்கு ஏப்ரன்களையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே 'தொடாதீர்'. கண்காட்சியைப் பார்த்து, தேர்ச்சிப் பதிவேட்டில் முத்திரை குத்துவதற்காகக் கல்வி இயக்குநரே வந்திருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் மடிப்பைப் பார்த்ததும், 'கஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி' என்று சலவைக்கடைக்காரரின் மனம் தானாகக் குறித்துக்கொண்டது. தேறாத குழந்தையின் பெற்றோர் என்பதால் அவரையும் மனைவியையும் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களுக்கு ஆலோசனை வழங்கப்படும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நண்டு மடியில் ஒரு மூடி போட்ட டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கஞ்சிமாவுக் கரைசல். 'ஏன் சார்'க்கு யாராவது பதில் சொல்வார்கள் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

மதிப்பீட்டாளர் மைக்கைப் பிடித்தார்.

"மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களே! இந்தப் பதினான்கு மேலங்கியிலயும் இருக்கிற உள்ளங்கை அடையாளத்தை நான் அளவெடுத்தேன். பதினான்கும் ஒரே அளவு! அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது! நாலு வாரத்துக்கு முன்னால இந்தக் குழந்தைங்க ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை, ஒருத்தர் குண்டு. இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே கை! கல்வியில சமத்துவம்னா இதைத் தவிர வேற என்ன?"

கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று. இயக்குநர் எழுந்து, "இந்த அளவை மத்தப் பள்ளிகளுக்கும் அனுப்பி வைங்க. அடுத்த வருஷம் எல்லாக் குழந்தைக்கும் இந்த அளவுலதான் கை இருக்கணும்" என்றார்.

பிறகு மேடையில் பதிவேட்டைப் பிரித்து வைத்தார்கள். இயக்குநர் முத்திரையை ஊதா மையில் ஒற்றி ஒற்றிக் குத்திக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி மிச்சம். நண்டுவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் டப்பாவோடு ஏறினாள்.

"பாப்பா, நாலு வாரமும் நீ ஒண்ணுமே விளையாடலயாமே?" என்றார் இயக்குநர். "அதோ, அந்தப் பிள்ளைங்க எவ்வளவு நல்லா விளையாடியிருக்காங்க பார்த்தியா?"

நண்டு பார்த்தாள். "அது நான்தான் தாத்தா."

"தாத்தா இல்ல, ஐயான்னு சொல்லு" என்றார் தலைமையாசிரியை. தலைக்கு மை அடிக்கும் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

நண்டு பக்கவாட்டில் நகர்ந்து போய் முதல் கண்ணாடியில் தன் கையை வைத்தாள். உள்ளே இருந்த கையும் வெளியே இருந்த கையும் அச்சாகப் பொருந்தின. "இது என் கை." அடுத்ததற்குப் போனாள். "இதுவும் என் கை. இதுல எண்ணெய் விளையாட்டு. இது நுரை. இது மைப் பூ." 

கூடத்தில் பதினான்கு ஜோடிப் பெற்றோர்கள் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒன்றுமில்லை. பல் மருத்துவர் மட்டும் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார்.

மதிப்பீட்டாளர் ஓடிவந்து நண்டுவின் கையை அளந்தார். ஒரு கணம் வியர்த்தார். அடுத்த கணம் அவர் முகம் மலர்ந்தது.

"ஐயா! ஒரு மேலங்கியிலயும் மார்க் வாங்காத குழந்தையோட கைகூட அதே அளவுக்கு வளர்ந்திருக்கு! திட்டம் அந்த அளவுக்கு வேலை செஞ்சிருக்கு!"

தலைமையாசிரியைக்கு மூச்சு வந்தது. இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப இந்தக் குழந்தை விளையாடினதுக்குத் தனியா சான்று எதுவும் இருக்கா?"

"இல்லைங்க ஐயா. ஏப்ரன் எல்லாம் சுத்தம்."

"சான்று இல்லாம நான் என்ன செய்ய முடியும்?" என்றபடி இயக்குநர் 'தேர்ச்சி இல்லை' முத்திரையை மையில் நன்றாக அமுக்கி, கடைசி வரியில் குத்தினார். 

நண்டுவின் உதடு பிதுங்கியது. கடைசி வரிசையில் சலவைக்கடைக்காரர் எழுந்து நின்றார். இவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர் பேசியதில்லை.

"ஐயா, சான்றுதானே வேணும்? டப்பா அவ கையில இருக்கு. இப்பவே விளையாடட்டுமே. நீங்களே கண்ணால பார்த்துடுங்க."

"பள்ளிக்குள்ள விளையாட அனுமதி இல்ல!" என்று தலைமையாசிரியை பதறினார். "தரை!"

இயக்குநருக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு குழந்தை அழப்போகிறது, ஊரே பார்க்கிறது. "அஞ்சு நிமிஷம்" என்றார்.

நண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். "குத்துங்க தாத்தா."

"நானா?"

"ஓங்கிக் குத்துங்க."

இயக்குநர் சட்டைக்கையை மடித்துவிட்டுக் குத்தினார். டொக். கை வலித்தது. "கல்லா இது?"

"இப்ப சும்மா கையை வைங்க."

வைத்தார். கை மெல்ல, சத்தமில்லாமல், மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிற்று. குளிர்ச்சி விரலிடுக்குகளில் ஏறியது. இயக்குநரின் முகத்தில் ஏதோ ஒன்று நடந்தது. அலுவலகத்தில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு கன்னத்தின் ஓரத்தில் தொடங்கியது. அது முழுதாக வருவதற்குள் தான் இயக்குநர் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்தார்.

கை வரவில்லை. டப்பாவும் சேர்ந்து மேலே வந்தது.

"என்னய்யா இது! விடு!" என்று டப்பாவை அதட்டினார். மதிப்பீட்டாளர் பாய்ந்து டப்பாவைப் பிடித்தார். தலைமையாசிரியை மதிப்பீட்டாளரின் இடுப்பைப் பிடித்தார். மூவரும் சேர்ந்து இழுக்க இழுக்க, உள்ளே இருந்தது இறுகிக்கொண்டே போயிற்று.

"கோவப்படாதீங்க தாத்தா" என்றாள் நண்டு. "கோவமா இழுத்தா அது பிடிச்சுக்கும். மெதுவா வாங்க. தூங்கற மாதிரி."

"ஐயா, குழந்தை சொல்றதைக் கேளுங்க" என்றார் கீழேயிருந்து சலவைக்கடைக்காரர்.

இயக்குநர் கண்ணை மூடினார். இழுப்பதை நிறுத்தினார். தோள் தளர்ந்தது. கை தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் நிலை தடுமாறி, விழாமல் இருக்க மேஜையைப் பிடித்தார். 

மேஜையில் இருந்தது பதிவேடு. பிடித்தது கடைசி வரி. 

கையை எடுத்தபோது 'தேர்ச்சி இல்லை' இருந்த இடத்தில் எழுத்தே இல்லை. காயாத ஊதா மையும் மாவும் குழைந்து, ஐந்து விரலும் பரப்பிய ஒரு பெரிய கை அங்கே இருந்தது.

கறை என்று ஒன்றைக் கண்டதும் மதிப்பீட்டாளரின் கை தானாகப் பூதக்கண்ணாடிக்குப் போனது. குனிந்தார். உரக்கப் படித்தார். "கட்டுப்பாடு இல்லாத கறை. கையேட்டின் மூணாவது வடிவம். முன்தயாரிப்பு இல்ல. பெற்றோர் தலையீடு இல்ல. பெற்றோர் கடைசி வரிசையில. விளையாட்டின்போது உண்டானது. மாணவியோட வரியில பதிவாகியிருக்கு." பேனாவை எடுத்தார். "யாரோட கைன்னு எழுதணும்?"

"என் கைதான்யா" என்றார் இயக்குநர்.

பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. "பத்துக்குப் பத்து."

"பத்து யாருக்கும் போடறதில்லையே?" என்று தலைமையாசிரியை காதோடு கேட்டார்.

"நீங்க வேணா குறைச்சுப் போடுங்க, மேடம்."

மேடம் கைதட்டத் தொடங்கினார். பதினான்கு ஜோடிப் பெற்றோர்கள் அவரைவிட வேகமாகத் தட்டினார்கள்.

நண்டுக்கு ஒன்றாம் வகுப்புச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். சலவைக்கடைக்காரர் அதற்குள் எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்து மேடையேறிவிட்டார். "ஐயா, காய்றதுக்குள்ள கையைக் கழுவிடுங்க. காஞ்சா மை பிடிச்சுக்கும்."

இயக்குநர் நன்றியோடு கையை நீட்டினார்.

"கழுவக் கூடாது!" என்று மதிப்பீட்டாளர் வாளியைத் தட்டிவிடாத குறையாகக் குறுக்கே பாய்ந்தார். "ஐயா, இப்ப உங்க கையும் சான்று. பதிவேட்டுல இருக்கிற கையும் இந்தக் கையும் ஒண்ணுதான்னு படம் எடுத்துக் கோப்புல சேர்க்கணும். நீங்க போட்ட விதிதான்."

"சரி, எடுத்துத் தொலைங்க."

"படம் எடுக்கறவர் வியாழக்கிழமைதான் வருவார் ஐயா."

"அதுவரைக்கும்?"

"கையை எதுலயும் படாம மேல தூக்கி வச்சுக்கணும் ஐயா."

தெருவுக்கு வந்ததும் மனைவி சீட்டை மூன்றாவது தடவையாகப் படித்துப் பார்த்தார். சலவைக்கடைக்காரர் வண்டியை எடுத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்த நண்டு திரும்பிப் பார்த்தாள். பள்ளியின் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார், வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கியபடி.

"அம்மா, தாத்தா எனக்கு டாட்டா காட்டறாங்க!" என்று நண்டு கையை ஆட்டினாள்.

இயக்குநர் பின்னால் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, காய்ந்துகொண்டிருந்த ஐந்து விரல்களையும் லேசாக ஆட்டினார். சான்று கொஞ்சம் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.